பேரிடருக்குப் பின் வேலைக்குப் போகும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம், புயல், நிலநடுக்கம், வறட்சி என எது வந்தாலும் அதன் பின்னால் சத்தமில்லாமல் நடக்கும் ஒன்றைப் பற்றியது இந்தப் பக்கம். முகாம்களில் தொண்டு செய்பவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

உயிர் பிழைத்ததே பெரிது என்கிற நேரத்தில் குழந்தைத் தொழிலைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

முதல் சில நாட்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. குடிக்கத் தண்ணீர், மருந்து, ஒண்ட ஓர் இடம், காணாமல் போனவர்களைத் தேடுவது, இவைதான் அப்போதைய வேலை.

ஆனால் பிள்ளை வேலைக்குப் போவது அந்த நாட்களில் நடப்பதில்லை. நிவாரண வண்டிகள் வருவது குறைந்து, பழைய கடனுக்கு வட்டி கேட்டு ஆள் வர ஆரம்பித்து, பள்ளிக் கட்டடம் இன்னும் முகாமாகவே இருக்கும் காலத்தில் நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஆறேழு மாதம் வரை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராக்கள் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே எடுக்கச் சொல்கிறோம்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் உலகில் சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் தொழிலாளர்களாக இருந்தார்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் செய்தது உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான வேலை. 2020இல் மொத்த எண்ணிக்கை 16 கோடியாக இருந்தது, குறைந்துதான் வருகிறது. ஒரு குடும்பத்தின் கையிருப்பு ஒரே இரவில் கரைந்துபோகும்போது, மெல்ல மெல்ல நடந்த அந்த முன்னேற்றம் அந்த வீட்டில் தலைகீழாகிவிடுகிறது.

வீட்டில் அம்மாவுக்கு உதவுவதும் குழந்தைத் தொழிலா?

இல்லை. பாத்திரம் கழுவுவது, தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது, விடுமுறையில் அப்பாவோடு வயலுக்குப் போவது இதெல்லாம் வளர்ப்பின் ஒரு பகுதி. பேரிடர் முடிந்து வீட்டில் படிந்த சேற்றைச் சேர்ந்து வாரிக் கொட்டுவது பிள்ளைகளுக்கு ஒரு தெம்பைக்கூடத் தரும்.

எல்லை எங்கே என்றால், அந்த வேலை பிள்ளையின் படிப்பை, தூக்கத்தை, உடம்பை, விளையாட்டைத் தின்ன ஆரம்பிக்கும் இடத்தில். கணக்கெடுப்புகளில் யுனிசெஃப் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 5 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் வருமானம் சார்ந்த வேலை செய்தாலே கணக்கில் வரும். 12 முதல் 14 வரை 14 மணி நேரம். 15 முதல் 17 வரை 43 மணி நேரம். கூலி இல்லாத வீட்டு வேலைகூட, 14 வயதுக்குள் இருப்பவர் வாரம் 21 மணி நேரம் செய்தால் கணக்கில் சேரும். 21 மணி என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பது, விறகு பொறுக்குவது, கைக்குழந்தையைச் சுமப்பது எல்லாம் சேர்த்துப் பாருங்கள். முகாமில் ஒரு மூத்த மகளுக்கு இது மதியத்துக்குள் முடிந்துவிடும்.

எந்த வயதில் என்ன செய்யலாம் என்று சட்டம் ஏதாவது சொல்கிறதா?

ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. அவற்றுக்கு அடியில் இருப்பவை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் இரண்டு உடன்படிக்கைகள். 1973இல் வந்த 138ஆம் உடன்படிக்கை, வேலைக்கான குறைந்தபட்ச வயது கட்டாயக் கல்வி முடியும் வயதுக்குக் கீழேயும் 15க்குக் கீழேயும் போகக் கூடாது என்கிறது. வசதி குறைந்த நாடுகள் 14 என்று தொடங்க இடம் உண்டு. ஆபத்தான வேலைக்கு 18. படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலைக்கு 13, சில நாடுகளில் 12.

1999இல் வந்த 182ஆம் உடன்படிக்கை கொத்தடிமைத்தனம், கடத்தல், பாலியல் சுரண்டல், உயிருக்கு உலை வைக்கும் வேலைகள் ஆகியவற்றை உடனடியாக ஒழிக்கச் சொல்கிறது. 2020 ஆகஸ்ட் 4 அன்று டோங்கா ஒப்புதல் கொடுத்தபோது, அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் இதை ஏற்றுவிட்டன. வேறு எந்தத் தொழிலாளர் உடன்படிக்கைக்கும் அதுவரை அப்படி நடந்ததில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பேரிடர் வந்தால் தளர்த்திக்கொள்ளலாம் என்று எந்த விலக்கும் அந்த இரண்டு ஆவணங்களிலும் இல்லை. ‘இந்த நேரத்துல போய் சட்டம் பேசாதீங்க’ என்று யாராவது சொன்னால், அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யார்? அந்நியர்களா?

சுவரொட்டிகளில் முகம் தெரியாத ஒரு நிழல் உருவம் குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பதுபோல் வரைந்திருப்பார்கள். நிஜத்தில் வருகிறவருக்கு முகம் இருக்கும், பெயர் இருக்கும், பல நேரம் உறவுமுறையும் இருக்கும். ஊரைவிட்டு வெளியே போய் ‘நல்லா இருக்கிற’ ஒரு தூரத்து மாமா. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். முகாமுக்குத் துணிமணி கொண்டுவந்து கொடுத்த ஒரு பெண்.

பேச்சு இப்படித்தான் போகும். ‘அக்கா, நீங்க எத்தனை பேருக்குத்தான் பார்ப்பீங்க? பெரியவளை என்கூட அனுப்புங்க. மூணு வேளை சாப்பாடு, நல்ல இடம், ஸ்கூல்லயும் சேர்த்துவிடுறேன். வீடு கட்டி முடிச்சதும் கூட்டிக்கலாம்.’ கூடவே கையில் கொஞ்சம் பணம். கடனாக இல்லையாம், ‘செலவுக்கு வச்சுக்குங்க’ என்று. அந்தப் பணம்தான் முடிச்சு. பிறகு அது முன்பணம் ஆகிவிடும், வட்டி ஏறும், பிள்ளையின் கூலி அதில் கழியும், கழிந்தாலும் தீராது.

கூட்டிப் போகிறவர் எல்லாரும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. உண்மையிலேயே உதவ நினைப்பவரும் இதே சொற்களைத்தான் சொல்வார், சிக்கலே அதுதான். முகத்தைப் பார்த்துப் பிரித்துவிட முடியாது. கேள்வி கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. பேரிடர் பெரும்பாலும் புது வழி எதையும் போடுவதில்லை, ஏற்கெனவே இருக்கிற ஒற்றையடிப் பாதையைச் சாலையாக்குகிறது. ஹெயிட்டியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை வசதியுள்ள வீடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தப் பிள்ளைகளை ‘ரெஸ்டாவெக்’ என்பார்கள். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு எல்லாரும் முதலில் கவலைப்பட்டது அந்தப் பாதையைப் பற்றித்தான். உங்கள் பகுதியில் சாதாரண நாட்களில் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், சூளைக்கா, கல்குவாரிக்கா, படகுக்கா, பிறர் வீட்டுக்கா என்று தெரிந்து வைத்திருந்தால், பேரிடருக்குப் பின் எங்கே போவார்கள் என்று பாதி தெரிந்துவிடும்.

அப்படி ஒருவர் வந்தால் பெற்றோர் என்ன செய்வது?

அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். ‘வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பது ஒரு நல்ல கேடயம். பிறகு கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, அந்த வீட்டில் அல்லது பட்டறையில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், அந்தப் பள்ளியின் போன் நம்பர் என்ன, வாரம் ஒரு முறை நானே கூப்பிட்டுப் பேசலாமா, அடுத்த வாரம் ஒரு நாள் நான் வந்து பார்த்துவிட்டுப் பிறகு அனுப்பலாமா. நல்ல மனதோடு வந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று முறைத்துக்கொள்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

முன்பணம் வாங்காதீர்கள். பிள்ளையின் அசல் சான்றிதழ்களை யார் கையிலும் கொடுக்காதீர்கள். வீட்டு போன் நம்பர் ஒன்று பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்; போனில் பதிந்து வைத்தது போதாது, போனைத்தான் முதலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சட்டப்படியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆள்கடத்தல் பற்றி ஐ.நா. 2000ஆம் ஆண்டில் ஏற்ற நெறிமுறையின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவரைச் சுரண்டும் நோக்கத்தோடு கூட்டிச் சென்றாலே அது கடத்தல். ஏமாற்றியிருக்க வேண்டும், மிரட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் அவசியமில்லை. பிள்ளை சம்மதித்தது, தாய் சம்மதித்தது என்பதெல்லாம் கூட்டிப் போனவரைக் காப்பாற்றாது.

இடிந்த கட்டடங்களில் பையன்கள் கம்பி பொறுக்குகிறார்கள். கைச்செலவுக்குத்தானே, விட்டுவிடலாமா?

ஒரு முறை அருகில் போய் நின்று பாருங்கள். பத்துப் பதினோரு வயதுப் பையன். காலில் ரப்பர் செருப்பு, அதிலும் ஒரு பக்கம் வார் அறுந்து நூலால் கட்டியது. உடைந்த தூணுக்கு மேல் உட்கார்ந்து, கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் வளைக்கிறான். இருபது தடவை வளைத்தால் ஒடியும். ஒடியும்போது அவனும் சேர்ந்து பின்னால் விழுகிறான், பழகிவிட்டதால் சிரிக்கிறான். அவன் உட்கார்ந்திருக்கும் தூணுக்குக் கீழே வெறும் வெளி.

துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டனஸ் வரலாம். வெள்ளம் வடிந்த சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வரலாம். பழைய கூரைத் தகடுகள் பல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தவை. அவை உடையும்போது பறக்கும் இழைகள் நுரையீரலில் தங்கிவிட்டால், புற்றுநோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அவன் ஐம்பதில் இருமும்போது இந்தக் கம்பியை யாரும் நினைக்கப்போவதில்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள்; தூசியும் அந்த அளவுக்குக் கூடவே போகிறது.

ஆகவே விட்டுவிட முடியாது. ஆனால் விரட்டினாலும் பயனில்லை, இரவில் வருவார்கள், அது இன்னும் மோசம். அவன் பொறுக்கும் கம்பியை எடைக்கு வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசுவது பலன் தரும்: பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், வாங்கினால் புகார் போகும். இடிபாட்டைச் சுற்றி வேலி போட்டு, அகற்றும் வேலையை அவன் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பூட்ஸும் கையுறையும் கொடுத்து நாள் கூலிக்குத் தர முடிந்தால் இன்னும் நல்லது. கம்பியும் போகும், வீட்டுக்குக் காசும் வரும்.

பெண் பிள்ளைகள் யாரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லையே?

தெரியாது. அவர்கள் செய்வது பந்தலுக்குள், சமையல் மறைப்புக்குப் பின்னால், பிறர் வீட்டு நான்கு சுவருக்குள். அம்மா நிவாரண வரிசையில் நிற்கும்போது குடும்பத்தை நடத்துவது மூத்த மகள்தான். கல்யாணம் என்ற பெயரில் அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. போன இடத்தில் காத்திருப்பது கூலி இல்லாத வேலை. வகுப்புப் பட்டியலை எடுத்து 11 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் வருகையை மட்டும் தனியாகப் பாருங்கள். பார்க்க வேண்டியது அதில் இருக்கும்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளை உடனே ஏதாவது இல்லத்தில் சேர்ப்பதுதானே பாதுகாப்பு?

‘அநாதை’ என்ற சொல்லை அவசரப்பட்டுப் பயன்படுத்தாதீர்கள் என்பது முதல் பதில். பிரிந்து போனவர்கள் வேறு, இழந்தவர்கள் வேறு. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 33 பிள்ளைகளை ‘அநாதைகள்’ என்று சொல்லி உரிய தாள்கள் இல்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கூட்டிச் செல்ல முயன்ற ஒரு வெளிநாட்டுக் குழுவை எல்லையில் நிறுத்தினார்கள். விசாரித்தபோது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தது தெரியவந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளைப் பற்றி விசாரித்தபோதும் இதே கதைதான். பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். படிப்பு கிடைக்கும் என்று குடும்பமே கொண்டுவந்து விட்டிருந்தது.

அதாவது, குடும்பத்துக்குப் போக வேண்டிய உதவி இல்லத்துக்குப் போனால், பிள்ளையும் உதவியின் பின்னால் இல்லத்துக்குப் போகிறது. பெயர் தெரியாத புது இல்லங்களில் சிலவற்றில் பிள்ளைகள் வசூலுக்கும் வேலைக்கும் பயன்படுவதும் நடந்திருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது பதிவு. பெயர், பெற்றோர் பெயர், கடைசியாக யாரோடு இருந்தார், எந்த இடத்தில் கிடைத்தார், உடுத்தியிருந்த துணி. சின்னப் பிள்ளைகள் இவற்றைச் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், அதனால் அன்றே எழுத வேண்டும். பிறகு குடும்பத்தைத் தேடுவது, கிடைக்கும்வரை தெரிந்த உறவினர் வீட்டில் வைத்து, யாராவது ஒருவர் வாரா வாரம் போய்ப் பார்ப்பது. அந்த வாராந்திர வருகையை விட்டுவிடாதீர்கள். உறவினர் வீட்டிலேயே எடுபிடி ஆகிவிடும் பிள்ளைகள் நிறைய.

ஆச்சேயில் சுனாமிக்குப் பிறகும், நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகும், பெற்றோர் துணையில்லாமல் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல அரசுகள் தடை போட்டன; நேபாளம் வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் நிறுத்தி வைத்தது. பேருந்து நிலையத்திலும் சோதனைச் சாவடியிலும் ‘இந்தக் குழந்தை உங்களுக்கு என்ன உறவு?’ என்று ஒருவர் கேட்பதே பெரிய காவல்.

எந்த மாதிரி உதவி உண்மையில் பிள்ளைகளை வேலையிலிருந்து தடுக்கிறது?

பெரியவர் கையில் சேரும் பணம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

தான்சானியாவின் ககேரா பகுதியில் 1990களின் தொடக்கத்தில் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. பூச்சியாலோ எலியாலோ நெருப்பாலோ விளைச்சல் போன வீடுகளில் பிள்ளைகள் வேலை செய்யும் நேரம் கூடியது. ஆனால் ஆபத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ ஏதாவது இருந்த வீடுகளில் அந்த உயர்வு வெகுவாகத் தணிந்தது. விளைச்சல் இரண்டு வீட்டிலும் போனது. பிள்ளையை அனுப்பும் கட்டாயம் கையில் ஒன்றும் இல்லாத வீட்டுக்குத்தான் வந்தது. ஈக்வடாரில் ஏழைத் தாய்மார்களுக்கு மாதாமாதம் கொடுக்கப்பட்ட ஒரு சிறு தொகை, பிள்ளைகள் கூலிக்குப் போவதைக் குறைத்ததும் ஆய்வில் தெரிந்தது. அந்தத் தொகை பிள்ளை சம்பாதிக்கக்கூடியதைவிடக் குறைவு, இருந்தும் குறைத்தது. பெரும்பாலான பெற்றோர் பேராசைக்காரர்கள் அல்ல, மூச்சுவிட ஓர் இடைவெளி கேட்கிறவர்கள்.

பொருளாகக் கொடுக்கும் உதவி முதல் வாரங்களுக்குச் சரி. நான்காவது முறை கம்பளிப் போர்வை கொடுத்தால் அதை விற்றுத்தான் கடன் கட்டுவார்கள். கடன்காரரையும் கணக்கில் எடுங்கள்: முகாம் வாசலில் ஆறு மாதத்துக்கு வசூல் நடக்காமல் உள்ளூர் நிர்வாகம் பார்த்துக்கொண்டால், அதுவே ஒரு குழந்தைப் பாதுகாப்புத் திட்டம்.

நாங்கள் கூலி கொடுத்து சுத்தம் செய்யும் வேலைத் திட்டம் நடத்துகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் திட்டமே பிள்ளைகளை வேலைக்கு இழுக்கலாம், அதைக் கவனியுங்கள். அப்பாவின் அட்டையில் மகன் வந்து நிற்பான். மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அம்மா வேலைக்கு வந்தால் வீட்டு வேலை முழுவதும் மகள் தலையில் விழும். வேலை இடத்துக்கு அருகிலேயே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பந்தலும் இரண்டு பெண்களும், அவர்களுக்கும் கூலி. பெரியவர் யாரும் வேலை செய்ய முடியாத வீடு என்றால், அதாவது முதியவரும் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீடு என்றால், அவர்களை வேலைப் பட்டியலில் சேர்க்காமல் தொகையை அப்படியே கொடுத்துவிடுங்கள். ‘வேலை செய்யாம எப்படிக் கொடுப்பது’ என்று குழுவில் ஒருவர் கேட்பார். கொடுக்காவிட்டால் யார் வந்து வேலை செய்வார் என்று அவரையே கேளுங்கள்.

மறுகட்டுமானம் தொடங்கியபின் ஒப்பந்தத்தில் ‘18 வயதுக்குக் கீழ் யாரும் இல்லை’ என்று எழுதினால் போதாது. கட்டட இடத்தில் இல்லாத பிள்ளை செங்கல் சூளையில் இருக்கும், ஜல்லி உடைக்கும் இடத்தில் இருக்கும். ஒரு முறையாவது செங்கல் எங்கிருந்து வருகிறதோ அங்கே, சொல்லாமல், காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

பள்ளி திறந்துவிட்டது, சேர்க்கையும் குறையவில்லை. பிரச்சினை முடிந்ததா?

சேர்க்கைப் பதிவேடு ஏமாற்றும். 1998இல் மிட்ச் சூறாவளி தாக்கிய நிகரகுவாவில் ஆராய்ந்தபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் பள்ளிச் சேர்க்கை பெரிதாகக் குறையவில்லை என்று தெரிந்தது. ஆனால் படித்துக்கொண்டே வேலையும் செய்யும் பிள்ளைகளின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. பெயர் பள்ளியில், உடம்பு வகுப்பில், மனசும் தெம்பும் வேறெங்கோ.

ஆகவே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். யார் முதல் மணிக்குத் தூங்கி வழிகிறார், யார் வாரத்தில் ஒரே குறிப்பிட்ட நாள் வருவதில்லை, யாருடைய உள்ளங்கை காய்த்திருக்கிறது, யார் இருமிக்கொண்டே இருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியரைவிட நல்ல ஆள் கிடையாது. கேட்கும் விதம் மட்டும் முக்கியம். ‘ஏன் நேத்து வரல?’ என்றால் பொய்தான் வரும். ‘நேத்து காலைல எழுந்ததிலிருந்து என்னென்ன பண்ணினே, சொல்லு’ என்று சாதாரணமாகக் கேட்டால் முழு நாளும் வரும்.

கட்டடம் திரும்பக் கிடைக்கும்வரை காத்திருக்காமல் பந்தலில், இரண்டு மணி நேரமாவது வகுப்பு நடக்கட்டும். சீருடை, கட்டணம், மாற்றுச் சான்றிதழ், மறுபடி பதிவு, இவை எதையும் முதல் வருடம் கேட்காமல் இருப்பது நல்லது. வெள்ளத்தில் புத்தகப்பை போன பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அவன் நேராகப் போவது வேலைக்கு.

16 வயதுப் பையனையும் தடுக்க வேண்டுமா? குடும்பத்தில் சம்பாதிக்க வேறு ஆளே இல்லையே?

தடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நாடுகளில் அந்த வயதில் வேலை செய்வது சட்டப்படியே செல்லும். தடுக்க வேண்டியது ஆபத்தான வேலையை: நிலத்தடியில், நீருக்கடியில், உயரத்தில், ஆபத்தான இயந்திரத்தோடு, பாரம் தூக்கி, நச்சுப் பொருளோடு, இரவில். இவற்றையெல்லாம் 182ஆம் உடன்படிக்கையோடு வந்த 190ஆம் பரிந்துரை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பேரிடருக்குப் பின் தச்சு, மின்பணி, குழாய்ப் பணி தெரிந்தவர்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆறு மாதப் பயிற்சி, அதற்குள் ஓர் உதவித்தொகை, அருகில் ஒரு நல்ல ஆசாரி. இந்த வயதுக்காரர்களை எல்லாத் திட்டங்களும் மறந்துவிடுகின்றன. விளையாட்டுப் பந்தலுக்கு அவர்கள் பெரியவர்கள், கூலித் திட்டத்துக்குச் சின்னவர்கள். நடுவில் நிற்கிறவனிடம்தான் புரோக்கர் பேசுகிறார்.

வயதுச் சான்று எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, உடன் பிறந்தவர்களின் வயது, ஊர்ப் பெரியவர்களின் நினைவு. ‘முந்தின புயல் அடித்தபோது இவன் நடந்தானா, தவழ்ந்தானா?’ என்று கேட்டால் தாய் தவறாமல் சொல்வார். எலும்பை எக்ஸ்ரே எடுப்பது பெரிய நம்பிக்கைக்குரியதல்ல, இரண்டு ஆண்டு முன்பின் ஆகலாம். சந்தேகம் இருந்தால் குழந்தை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டறையில் பிள்ளைகள் இருப்பதாகச் சந்தேகம். நானே போய்க் கேட்கலாமா? வீடியோ எடுத்துப் போடலாமா?

வேண்டாம். நீங்கள் கேட்டுவிட்டு வந்த இரவே பிள்ளைகள் இடம் மாற்றப்படுவார்கள். வீடியோ போட்டால் பிள்ளையின் முகம் வாழ்நாள் முழுக்க அங்கேயே நிற்கும்; முதலாளியின் கோபமும் அதன் மேல்தான் விழும்.

இடம், நேரம், எத்தனை பேர், தோராய வயது, வண்டி எண், என்ன வேலை, வாசல் எந்தப் பக்கம், இவற்றை எழுதிக்கொண்டு குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929. பல நாடுகளில் இதுபோல் ஒரு இலவச எண் உண்டு. முகாமில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று ஒருவர் இருந்தால் அவரிடம். அழைத்த தேதியையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். மூன்று நாளில் எதுவும் நடக்காவிட்டால் மறுபடி அழைக்க அது உதவும்.

மீட்டு வீட்டில் விட்டாயிற்று. அப்புறம்?

அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கிறது. மீட்கப்பட்ட பிள்ளை திரும்பி வருவது அதே ஒழுகும் கூரைக்கு, அதே கடனுக்கு. அந்த முன்பணம் செல்லாது, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை என்று ஓர் அதிகாரி குடும்பத்திடம் நேரில் சொல்ல வேண்டும். தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு வர வேண்டிய கூலியை வாங்கிக் கொடுக்க வேண்டும். ‘ஓடி வந்தவள்’ என்று தெருவில் யாரும் பேசாமல் இருக்க, அவளுக்குத் துணையாக ஒரு ஆசிரியையோ அத்தையோ வேண்டும்.

போய்ப் பார்ப்பதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தது ஒரு வருடம். அடுத்த விதைப்புக்கு முன்னாலும் அடுத்த மழைக்கு முன்னாலும் கட்டாயம் ஒரு முறை. வீட்டில் பணம் தீர்ந்துபோகும் நாட்கள் அவைதான், அந்தத் தூரத்து மாமா மறுபடி வாசலில் வந்து நிற்பதும் அப்போதுதான்.